மருமகளுக்காகத்தான் தேடுகிறேன், அக்காவோ என்னோடு பேசுவதில்லை

அன்புள்ள மிஸ்,

எனக்கு 46 வயது, திருகோணமலை பாலையூற்றுப் பக்கம். மீன் வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நண்பரும் நானும் 14 வருடமாக ஒரு லொறியைச் சேர்ந்து ஓட்டினோம், இப்போது இல்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

என் அக்கா மட்டக்களப்பில் கலியாணம் முடித்தவர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அக்காவின் மகள், என் மருமகள், 11 வயது, மற்றப் பிள்ளைகளோடு வெளியில் நின்றாள். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, மன்னியுங்கள்.

செத்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை, கேள்விதான் வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில், இது பற்றிய செய்திகளைச் சேர்த்து வைக்க, முதல் பைலை வாங்கினேன். இப்போது மூன்று பைல் இருக்கிறது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது, ஏன் தடுக்கவில்லை? 2018 நவம்பரில் மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிஸ்காரரைக் கொன்றபோது முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள், கடைசியில் பார்த்தால் அதுவும் இந்தக் குண்டுகளை வெடிக்க வைத்த சஹ்ரானின் ஆட்கள் செய்த வேலை. யார் அந்த விசாரணையைத் திருப்பிவிட்டது? முதலில் 359 பேர் செத்தார்கள் என்றார்கள், இரண்டு நாளில் 253 என்று குறைத்தார்கள், நூறு பேரை எங்கே மறைத்தார்கள்? 2023 செப்டம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி காட்டிய படத்தில் அசாத் மௌலானா சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து எழுதி வைத்திருக்கிறேன். புலனாய்வுக்காரர்தான் இதைச் செய்வித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரவு ஒரு மணி, இரண்டு மணி வரைக்கும் யூடியூப் பார்க்கிறேன். யாராவது வட்ஸ்அப்பில் "ஐஎஸ்தான் செய்தது, விசாரணை முடிந்துவிட்டது" என்று போட்டால் அவரோடு விடியும்வரை சண்டை. நெஞ்சு படபடக்கிறது, படுத்தாலும் நித்திரை இல்லை. மனைவி இப்போது பிள்ளைகளோடு முன் அறையில் படுக்கிறார்.

2025 ஏப்ரலில் ஆறாவது வருட நினைவுக்கு அக்கா வீட்டுக்குப் போனோம். ஜெபம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் பிள்ளையானைப் பிடித்துவிட்டார்கள், இனி எல்லாம் வெளியில் வரும் என்று நான் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்தினேன். அத்தான் எழும்பி வெளியில் போய்விட்டார். அக்கா என் கையிலிருந்த போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்த வீட்டில இனி இதைக் கதைக்காத" என்றார். அதற்குப் பிறகு நான் எடுத்தால் அவர் போன் எடுப்பதில்லை. அவருடைய பிள்ளைக்காகத்தானே மிஸ் நான் இதெல்லாம் செய்கிறேன்?

நண்பர் விஷயம் அதற்கு முன்னம் நடந்தது. ஒருநாள் லொறியில் வரும்போது, "உங்கட ஆக்களுக்குத் தெரியாமலா இவ்வளவும் நடந்தது?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீடு மட்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அடுத்த கிழமை கணக்குக் கொப்பியை மகனிடம் கொடுத்தனுப்பினார், அவ்வளவுதான்.

அரசாங்கம் சொல்வதை அப்படியே விழுங்க நாங்கள் வேறு ஊர்க்காரர் இல்லை. கடற்கரையில் ஐந்து மாணவர்களைக் கொன்றபோது என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள். உண்மையைத் தேடுவது வருத்தமா மிஸ்? எல்லாவற்றையும் நம்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா?

இப்படிக்கு,
பாலையூற்று வாசகர்


அன்புள்ள தம்பி,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்களுக்குப் பைத்தியம் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றும் நான் சொல்லப் போவதில்லை.

நானும் இந்த ஊர்தான். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை காந்தி சிலைப் பக்கம் என்ன நடந்தது என்பதை இந்த ஊரில் என் வயதுக்காரர் ஒருவரும் மறக்கவில்லை. அந்த ஐந்து பிள்ளைகளும் கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் அன்று அதிகாரிகள் சொன்னார்கள். உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருப்பது சுடர் ஒளி செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தெரிந்தது, அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் இங்கேயே சுட்டுக் கொன்றார்கள். 2013இல் விசேட அதிரடிப் படையினரைக் கைது செய்தார்கள். சந்தேக நபர்கள் 13 பேரையும், சாட்சியம் போதவில்லை என்று, எங்கள் ஊர் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. எப்போது தெரியுமா? 2019 ஜூலை 3.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருதரம் வாசியுங்கள். மருமகள் போனது ஏப்ரலில், முதல் பைலை வாங்கியது ஆகஸ்டில். நடுவில் ஜூலை இருக்கிறது. நீங்கள் அதை எழுதவில்லை, ஐந்து மாணவர்களைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஆனால் எனக்குப் படுவது, அந்த மாதம் உங்களுக்குள் ஏதோ முடிவாகிவிட்டது, 13 வருடம் காத்திருந்தும் இதுதான் கிடைக்கும் என்றால் மருமகளுக்கும் இதுதான் கிடைக்கும், ஆகவே நானே தேட வேண்டும் என்று. நான் பிழையாக விளங்கியிருந்தால் எழுதுங்கள். சரியென்றால், உங்கள் தலையில் இரண்டு வழக்குகளின் பாரம் இருக்கிறது, ஆறு வருடமாக ஒன்றின் பெயரில் இரண்டையும் சுமக்கிறீர்கள். நித்திரை வராததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, பைலுக்கு வருவோம். நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் என்னிடம் வருகிற பல பேரிடம் இதே விஷயம் இருப்பதால் நானும் தேடி வாசித்திருக்கிறேன். உங்கள் மூன்று பைலிலும் உள்ளவை எல்லாம் ஒரே கனமானவை இல்லை, நீங்கள் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்கிறீர்கள், வீட்டுக்காரர் காதைப் பொத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். ஏப்ரல் 4 எச்சரிக்கை சந்தேகம் இல்லாதது. அது கையில் இருந்தும் தடுக்கத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றமே சொல்லி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுத் தலைவராக இருந்தவரும் ஏழரைக் கோடி வீதம். வவுணதீவு பற்றி நீங்கள் கேட்பதும் நியாயமான கேள்வி, அந்தக் கொலையை யார் செய்தது என்று ஒழுங்காகத் தேடியிருந்தால் ஏப்ரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் மனம் அடித்துக்கொள்ளும்.

அசாத் மௌலானா சொன்னது வேறு வகை. அவர் பிள்ளையானின் பேச்சாளராக இருந்தவர், புலனாய்வு அதிகாரி ஒருவருக்கும் சஹ்ரானின் ஆட்களுக்கும் 2018இல் சந்திப்பு ஏற்படுத்திக் கொடுத்ததாகச் சொல்கிறார். அந்த அதிகாரி மறுக்கிறார், அந்தக் காலத்தில் தான் நாட்டிலேயே இல்லை என்கிறார். பிள்ளையானும் மறுத்தார். ஒருவர் குற்றம் சாட்டியிருக்கிறார், குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுத்திருக்கிறார்கள், அதை விசாரித்துத்தான் அறிய வேண்டும். நீங்கள் "சந்தேகமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி, அந்த இடத்தில் எனக்குக் கவலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் பிள்ளையானைக் கைது செய்ததும், 2006இல் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கடத்தப்பட்ட வழக்கில்தான். அதை நீங்கள் அன்று அக்கா வீட்டில் சொன்னீர்களா?

359, 253 கதையை விட்டுவிடுங்கள். உடல்கள் சிதறிப்போயிருந்ததால் சிலவற்றை இரண்டு தரம் எண்ணிவிட்டோம் என்று சுகாதார அமைச்சு அந்தக் கிழமையே சொன்னது. குண்டு வெடித்த இடத்தில் அப்படி நடக்கும். நூறு குடும்பங்கள் தங்கள் ஆளைக் காணவில்லை என்று ஒரு சத்தமும் போடாமல் இருப்பார்களா, காணாமல் போனவர்களின் படத்தோடு வருடக்கணக்காகத் தெருவில் நிற்கிற அம்மாக்களைப் பார்த்த நாங்கள் அதை நம்பலாமா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கும்போது வவுணதீவுக் கேள்வியையும் சேர்த்து ஆக்கள் தள்ளிவிடுகிறார்கள்.

மனதின் பழக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இழப்பு பெரிதானால் காரணமும் அதே அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று மனம் தேடும். 11 வயதுப் பிள்ளை போனதற்கு, யாரோ ஓர் அதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு மற்றவருக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்ததுதான் காரணம் என்றால் மனம் ஏற்காது, அது அந்தப் பிள்ளையையே சிறுமைப்படுத்துவதுபோல இருக்கும். பின்னால் பெரிய திட்டம் இருந்தாலாவது கோபத்தை வைக்க ஓர் இடம் கிடைக்கும். இதனால் திட்டம் எதுவும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, கர்தினாலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது அது தெரியாதபடியால்தான். விடிகாலை இரண்டு மணிக்கு உங்களை எழுப்பி வைத்திருப்பது ஆதாரமா, இந்தத் தவிப்பா என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அக்கா. உங்கள் கடிதத்தில் மருமகளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது, அதற்கு மேல் முடியாது என்று நிறுத்திவிட்டீர்கள். செத்த வீட்டில் அழுகை வரவில்லை, கேள்விதான் வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகை இன்னும் உள்ளே இருக்கிறது. அக்கா தினம் அதைத்தான் செய்கிறார், நீங்கள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிறீர்கள், ஆகவே இரண்டு பேரும் ஒரே பிள்ளையை நினைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் காண முடியாமல் இருக்கிறீர்கள். நினைவு நாளில் அவர் வீட்டில் குண்டையும் குண்டு வைத்தவரையும் பற்றிப் பேசினால் அம்மாவுக்கு அந்தக் காலை திரும்ப வரும், அத்தானுக்கும்தான். வழக்கை எப்படிக் கேட்பது, கேட்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை முதலில் அவர்களுக்கு. நீங்கள் அவர்களிடம் ஒருநாளும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

போன் எடுக்காவிட்டால் பரவாயில்லை, கடிதம் எழுதுங்கள், எனக்கு எழுதியதுபோல. விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்தால் பிள்ளை உங்கள் வீட்டில் எதைக் கேட்டுச் சாப்பிடுவாள், நிலாவெளிக் கடலில் இறங்கப் பயப்பட்டாளா, உங்களை எப்படிக் கூப்பிடுவாள், அதை எழுதுங்கள். எழுதும்போது அழுகை வந்தால் நிறுத்த வேண்டாம். பைல் என்ற சொல்லே அதில் வரக் கூடாது.

பைலை எரிக்கச் சொல்லவில்லை. கிழமையில் ஒரு பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போது, இரண்டு மணித்தியாலம் மேசையில் இருந்து பாருங்கள், மற்ற நாளில் அது அலுமாரியில் இருக்கட்டும். வட்ஸ்அப் சண்டையை முழுதாக நிறுத்துங்கள், அங்கே யாரும் சாட்சி சொல்ல வருவதில்லை. அந்த ஐந்து மாணவர்களில் ஒருவரின் தந்தை, வைத்தியர், அன்றிரவு தான் கண்டதையும் கேட்டதையும் வைத்துக்கொண்டு ஜெனீவா வரைக்கும் போய்ப் பேசியவர். உங்களிடம் உள்ளதில் உறுதியானது எதுவோ, அதைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக நிற்கிற சட்டத்தரணிகளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், பாரமும் குறையும். நெஞ்சுப் படபடப்புக்கு முதலில் ஒரு டொக்டரைப் பாருங்கள், நித்திரை இல்லாததையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.

நண்பரைக் கடைசிக்கு வைத்தது, இதில்தான் நான் உங்களோடு கோபமாக இருக்கிறேன் என்பதால். புலனாய்வுக்காரர்தான் செய்வித்தார்கள் என்கிறீர்கள், பிறகு கிண்ணியாவில் இருக்கிற மனிதரிடம் உங்கட ஆக்கள் என்கிறீர்கள். சஹ்ரானைப் பற்றிப் பொலிஸுக்கு முதலில் முறைப்பாடு கொடுத்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள்தான், 2017இல் அங்கே அவனுடைய ஆட்கள் வாளோடு வந்து அடித்ததும் முஸ்லிம்களைத்தான். குண்டு வெடித்து மூன்று கிழமையில் குருநாகலிலும் கம்பஹாவிலும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தவர்களும் "உங்கட ஆக்கள்" என்றுதானே சொன்னார்கள். வவுணதீவில் ஒரு தமிழரைப் பிடித்து அடைத்தபோது உங்களுக்கு எரிந்தது அல்லவா, அவர் செய்த ஒரே குற்றம் முன்பு ஓர் இயக்கத்தில் இருந்தது. நண்பரை நீங்கள் லொறிக்குள் வைத்து அதே மாதிரித்தான் பிடித்தீர்கள். அப்படியிருந்தும் உங்களை நடுவழியில் இறக்கிவிடாமல் வீடு மட்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

கிண்ணியாப் பாலம் தாண்டி ஒருநாள் அவர் வீட்டுக்குப் போங்கள், அவருடைய மகன் நிற்கிற நேரமாகப் பார்த்து, ஏனென்றால் கொப்பியைக் கொண்டுவந்தது அந்தப் பிள்ளை. "நான் அன்றைக்குக் கேட்டது பிழை" என்று சொல்லுங்கள். மௌலானா, சனல் 4, தீர்ப்பு எதுவும் அந்த வாசலில் வேண்டாம். லொறியைப் பற்றியும் கேட்காதீர்கள், அதை அவர் எடுக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்