ஒருவரின் சாவுக்காக ஊரையே கொளுத்தலாமா?

ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற ஒரே ஒருவரின் சாவுக்காக அமெரிக்காவில் ஊரைக் கொளுத்தியது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொளுத்தியதை நியாயம் என்று சொல்லமாட்டேன். ஃபிளாய்ட் இறந்த மினியாபொலிஸ் நகரின் லேக் தெருவில் எரிந்த கடைகளில் பல, பிழைப்புத் தேடி அந்த நாட்டுக்கு வந்தவர்களுடையவை. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் 'ஒரே ஒருவரின் சாவுக்காக' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கள்ளநோட்டு என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு 20 டாலர் தாளுக்காக 2020 மே 25 அன்று போலீசார் கறுப்பினத்தவரான ஃபிளாய்டைப் பிடித்தார்கள். அவர் இறந்த சில மணி நேரத்தில் போலீஸ் அறிக்கை வந்துவிட்டது. அதைப் பலமுறை படித்திருக்கிறேன். அவர் முரண்டுபிடித்தாராம். விலங்கு மாட்டியபின் உடல்நிலை சரியில்லாதவர்போலத் தெரிந்ததால் ஆம்புலன்ஸை அழைத்தார்களாம். மருத்துவமனையில் இறந்துபோனாராம். யாரும் எந்த ஆயுதத்தையும் பயன்படுத்தவில்லை என்று ஒரு வரியும் உண்டு. அவர் கழுத்தை அழுத்திய போலீஸ்காரரின் முழங்காலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக அழுத்திய முழங்கால் அது. தன் ஒன்பது வயது உறவுக்காரச் சிறுமியுடன் கடைக்கு வந்த டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் செல்போனில் படம்பிடித்ததால்தான் அது வெளியே தெரிந்தது. அந்த வீடியோவை என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. நடைபாதையில் நின்றவர்கள் நாடியைப் பார்க்கச் சொல்லி மன்றாடுகிறார்கள். விடுப்பில் இருந்த தீயணைப்புத் துறைப் பெண் ஒருவர் உதவ முன்வருகிறார். அவரைக் கிட்டவே விடவில்லை.

செல்போன் இல்லாத இடங்களில் எத்தனை சாவுகளை இப்படி நான்கு வரி எழுதி மூடியிருப்பார்கள்? தெருவில் இறங்கியவர்களின் கோபம் அதன்மேல்தான்.

வீடியோ மட்டும் போதும் என்றும் நான் நம்பவில்லை. 1991இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் தடியால் அடித்து நொறுக்கியதும் படமாகியிருந்தது. ஆனாலும் மறு ஆண்டு மாநில நீதிமன்றத்தில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதையொட்டி வெடித்த கலவரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் மத்திய அரசு வழக்குத் தொடுத்து இருவரைச் சிறைக்கு அனுப்பியது.

மினியாபொலிஸிலும் போராட்டம் மூண்டு, காவல் நிலையம் ஒன்று எரிந்த பிறகே, ஃபிளாய்டின் கழுத்தை அழுத்திய டெரெக் சாவின் என்ற போலீஸ்காரர் கைதானார். உடனிருந்த மூன்று போலீசார்மீது வழக்கு வர ஜூன் 3 ஆனது. 2021இல் சாவினுக்கு இருபத்திரண்டரை ஆண்டு தண்டனை கிடைத்தது.

அந்த விசாரணையில் டார்னெல்லா சொன்னது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இன்னும் ஏதாவது செய்யாமல் நின்றுவிட்டேனே என்று ஃபிளாய்டிடம் மன்னிப்புக் கேட்டபடியே பல இரவுகள் தூங்காமல் கிடந்தாராம்.