அநிருத்: நடனத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை

மகனுக்கு அநிருத் என்று பெயர் வைத்த பிறகு, ‘நடனம் அறியாதவன்’ என்றுதான் அதற்குப் பொருள் என்று உறவினர் ஒருவர் சொன்னதாகக் கலங்கியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம். அவரைக் குழப்பியது நம் எழுத்து. நடனத்தைக் குறிக்கும் ‘ந்ருத்த’ வேறு, ‘நிருத்த’ வேறு. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். இங்கே வேர்ச்சொல் ‘ருத்’, அதாவது தடுத்தல். நிரோதம், விரோதம் எல்லாம் அதிலிருந்து பிறந்தவையே. ‘நிருத்த’ என்றால் தடுக்கப்பட்ட. முன்னால் ‘அ’ சேர்ந்தால் தடுக்க முடியாதவன். கண்ணனின் பேரன், பிரத்யும்னனின் மகன் பெயர் இது. விஷ்ணு சகஸ்ரநாமத்திலும் வருகிறது. வாணாசுரனின் மகள் உஷை கனவில் கண்டு மயங்கியதும் இவனைத்தான். வாணாசுரன் சிறைவைத்தும் கடைசியில் மீண்டுவிட்டான், பெயருக்கேற்றபடி! ‘அனிருத்’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு ‘ந’ பிடிக்கும். ‘அ’ தனியே பிரிவது கண்ணுக்குத் தெரியும்.