வாசகர் கேள்வி பதில்: செர்பூர்ல பெஞ்ச மழை

போன இதழ்ல ‘செர்பூர் குடைகள்’ங்கிற ஃபிரெஞ்சுப் படத்தைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், ஜாக் தெமி எடுத்தது, 1964-ல வந்தது. செர்பூர்ங்கறது ஃபிரான்ஸ்ல ஒரு துறைமுக ஊரு. அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நெனைக்கல. அதனால இந்த தடவை முழுக்க அந்தப் படம்தான். கதை முழுசையும் சொல்லப்போறேன், படத்தை இனிமேதான் பாக்கப்போறவங்க பாத்துட்டு வந்து படிங்க.

கேள்வி: தம்பி, ஒரு வசனம் கூட கிடையாது, எல்லாமே பாட்டுதான்னு எழுதியிருந்தீங்க. எப்படி உக்காந்து பாக்கறது? (செவ்வாய்ப்பேட்டை வாசகர், வயது 71)

ஆமாங்கய்யா, 91 நிமிஷமும் பாட்டுதான். கார் பட்டறையில படம் ஆரம்பிக்குது, வண்டி ரெடியான்னு கஸ்டமர் கேக்கறது பாட்டு, என்ஜின் சூடாகற வரைக்கும் கொஞ்சம் சத்தம் வரும், அது சகஜம்தான்னு மெக்கானிக் சொல்றதும் பாட்டு. ராத்திரி ஆபரா பாக்கப் போறேன்னு ஹீரோ சொன்னதும் கூட வேலை செய்யறவன், எனக்கு ஆபராவே ஆகாது, எல்லாரும் பாடிட்டே இருப்பாங்க, சினிமாதான் பிடிக்கும்னு அதையும் பாடித்தான் சொல்றான். மொத பத்து நிமிஷம் எனக்கும் ஒட்டல, அப்புறம் அவங்க பாடறாங்கங்கறதே மறந்துபோச்சு.

ஆனா உங்க வயசுக்காரங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்லீங்களே. வள்ளி திருமணம் நாடகத்துல வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்றது பாட்டுலதான, நம்ம பக்கம் விடிய விடிய கூத்து பாத்தவங்களுக்கு ராஜா கோவப்படறதும் பாட்டு, அழறதும் பாட்டு. ஒரே வித்தியாசம், இங்க பாடறது ராஜாவும் சாமியும் இல்ல, பெட்ரோல் வாசம் அடிக்கிற ஒரு மெக்கானிக் பையனும் குடைக்கடைப் பொண்ணும். தெமியோட அப்பா நாந்த் ஊர்ல கார் பட்டறை வெச்சிருந்தவரு. அந்த எண்ணெய்க் கறையை எட்ட நின்னு பாத்தவரு இல்ல அவரு.

கேள்வி: கேத்தரின் தெனேவ் இவ்ளோ நல்லாப் பாடுவாங்களா? (அம்மாப்பேட்டை)

குடைக்கடைப் பொண்ணு ஜெனவீவா நடிச்சது தெனேவ்தான், ஆனா அது அவங்க குரல் இல்லீங்க, தனியேல் லிகாரிங்கற பாடகி பாடினது. மிஷேல் லெக்ரான் மொத்த இசையையும் முன்னாடியே ரெக்கார்ட் பண்ணிட்டாரு, நடிகருங்க அதுக்கு வாயசைச்சாங்க. நம்ம ஊர்ல நடக்கற மாதிரியேதான், ஆனா ஒரு பாட்டுக்கு இல்ல, முழுப் படத்துக்கும்.

கேள்வி: அண்ணா, நான் ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். அவரு சிங்கப்பூர் போயி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. மொத தெனமும் பேசுவாரு, இப்ப வாரத்துக்கு ஒருதரம், அதுவும் அவசரமா. வீட்ல வேற இடம் பாக்கறாங்க, மாப்பிள்ளையும் நல்லவருதான், அதான் கஷ்டமே. நீங்க எழுதினதைப் படிச்சு இந்தப் படத்தைப் பாத்துட்டு ரெண்டு நாள் தூக்கமே இல்ல. ஜெனவீவ் பண்ணது துரோகமா? (பேர் வேண்டாம்னு எழுதியிருக்காங்க)

தங்கச்சி, உங்க கடுதாசியை மூணு தடவை படிச்சேன். துரோகம்னு நான் சொல்லவே மாட்டேன், ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

கதை 1957 நவம்பர்ல ஆரம்பிக்குது. ஜெனவீவுக்கு பதினேழு வயசுதான், அவ காதலிக்கற மெக்கானிக் பையன் கீ-க்கு இருவது. கட்டாய ராணுவ சேவைக்குக் கூப்பிட்டு அவனை அல்ஜீரியா போருக்கு அனுப்பிடறாங்க, ரெண்டு வருஷம். ஸ்டேஷன்ல ரயில் நகர நகர அவ பிளாட்ஃபார்ம்ல கூடவே நடந்து வர்ற சீன் இருக்கு பாருங்க, நம்ம சேலம் ஜங்ஷன்ல யாரையாவது ஏத்தி விட்டுட்டு வண்டி போனப்புறமும் தண்டவாளத்தையே பாத்துட்டு நின்னவங்களுக்கு அந்த வலி தெரியும். அவன் போனப்புறம்தான் அவ வயித்துல குழந்தைன்னு தெரியுது. கடுதாசி எப்பவாவதுதான் வருது. அம்மாவோட குடைக்கடைக்கு வரி கட்டக் காசில்ல, முத்துமாலையை விக்கப் போறாங்க, அங்கதான் ரோலான் கசார்ங்கற நகை வியாபாரி வர்றான், மாலையை வாங்கிக்கறான், பொண்ணையும் பிடிச்சுப்போகுது.

இதே கதை நம்ம சினிமாவுல வந்திருந்தா அம்மா கடுதாசியை ஒளிச்சு வெச்சிருப்பாங்க, இல்ல ரோலான் கெட்டவனா இருப்பான், நாமளும் யாரையாவது திட்டிட்டு எந்திரிச்சு வந்திருக்கலாம். இங்க யாரும் எதையும் ஒளிக்கல. ரோலான் அவ கர்ப்பம்னு தெரிஞ்சும், பொறக்கப்போற குழந்தையை நாம ரெண்டு பேருமா வளத்துக்கலாம்ங்கறான், கடைசியில ஜெனவீவ் அவனையே கட்டிக்கறா. அம்மாவுக்கு பொண்ணு நல்லா இருக்கணும், கடையும் நிக்கணும், அவ்ளோதான். திட்ட ஒரு ஆள் கூட இல்லாததுதான் இந்தப் படம் நெஞ்சைப் போட்டு அமுக்கறதுக்குக் காரணம்.

என்னை உலுக்கின எடம் ஒண்ணு இருக்கு. வெளிய ஊரே திருவிழாக் கொண்டாட்டத்துல இருக்கு, உள்ள ஜெனவீவ் அவனோட போட்டோவைக் கையில வெச்சிருக்கா. அவனை நெனைச்சா இப்பல்லாம் இந்தப் போட்டோதான் கண்ணுல வருதுங்கற மாதிரி பாடறா. அவனுக்காக செத்தே போவேன்னு சொன்னவ, ஏன் நான் சாகலன்னு அவளே கேட்டுக்கறா. முகம் மறக்கறதை யாரும் வேணும்னு பண்றதில்ல தங்கச்சி, தூரமும் நாளும் சேந்து அதைப் பண்ணிடுது. எங்க பெரியம்மா பையன் சவுதி போனப்ப அண்ணிக்கும் இப்படித்தான் ஆச்சு, குரல் ஞாபகம் இருக்கு, நடக்கறது ஞாபகம் இல்லன்னு ஒருநாள் சொல்லிட்டு அழுதாங்க, அவங்களுக்கு அவரு மேல பிரியம் கொறஞ்சா போச்சு, இல்லவே இல்ல.

கீ பக்கமும் பாக்கணும். 1959-ல கால்ல காயத்தோட நொண்டிக்கிட்டே திரும்பி வர்றான், குடைக்கடையே கைமாறிப்போயிருக்கு. வேலையை விட்டுட்டு குடிச்சுட்டுத் திரியறான், வளத்த அத்தையும் போயிடறாங்க. அப்புறம் மத்லேன், அத்தையைப் பக்கத்துல இருந்து கவனிச்சுக்கிட்ட பொண்ணு, அவளைக் கட்டிக்கறான். மத்லேனே கேக்கறா, இன்னும் அவளைத்தான் நெனைச்சிட்டு இருக்கியா, விரக்தியில என்கிட்ட வர்றியான்னு. இந்த சீனைப் பத்தி யாருமே பேசறதில்ல, எனக்குப் படத்துலயே பெரிய சீன் இதுதான். ரெண்டாவதா வந்த அன்புங்கறதுக்காக அது மட்டமான அன்பு ஆயிடாது.

உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அவங்களுக்கு இருந்தது கடுதாசி மட்டும்தான், உங்க கையில போன் இருக்கு. வீட்ல தலையாட்டறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை அவருக்கு நேரம் இருக்கறப்ப கூப்பிட்டு, வீட்ல இப்படிப் பாக்கறாங்க, நீங்க எப்ப வர்றீங்க, வருவீங்களான்னு நேராக் கேட்டுடுங்க. பதில் எதுவா இருந்தாலும் அது உங்க காதால கேட்டதா இருக்கட்டும். எனக்கு மறுபடி எழுதுங்க, அச்சுல போட மாட்டேன்.

கேள்வி: அந்தக் காலத்துப் படம், கலர் மட்டும் எப்படி இப்பவும் இவ்ளோ பளிச்சுன்னு இருக்கு? (கன்னங்குறிச்சி)

நல்ல கேள்வி, அதுவும் உங்க ஊர்ல இருந்து வந்திருக்கு. ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான தினம் போறீங்க, தமிழ்ல முழுசா கலர்ல வந்த மொத படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல அங்க இருந்துதான் வந்துச்சு. அந்தக் காலத்து கலர் ஃபிலிம்ல ஒரு பெரிய சிக்கல் என்னன்னா சாயம் வருஷம் போகப்போக வெளுத்துடும். செர்பூர் படம் எடுத்தது ஈஸ்ட்மன் கலர்ங்கற ஃபிலிம்ல, அதுலயும் இதே கதைதான். தெமிக்கு இது முன்னாடியே தெரியும், அதனால செவப்பு, பச்சை, நீலம் மூணு நெறத்தையும் தனித்தனியாப் பிரிச்சு மூணு கருப்பு வெள்ளை ஃபிலிம்ல பதிஞ்சு வெச்சுட்டாரு, கருப்பு வெள்ளையில சாயம் கெடையாது, அது வெளுக்காது. 1990-ல அவரு போனப்புறம் அவரோட மனைவி ஆன்யெஸ் வர்தா, அவங்களும் பெரிய டைரக்டர்தான், அந்த மூணையும் சேத்து பழைய கலரைத் திரும்பக் கொண்டாந்தாங்க.

சுவத்துல ஒட்டின பூப்போட்ட காகிதமும் பொண்ணு போட்டிருக்கற கவுனும் பொருந்தி நிக்கும், பெர்னார் எவான்னு செட் போட்டவர் பேரு. பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் எடுக்க நம்ம வீட்டுப் பொம்பளைங்க துண்டுத் துணியை வெச்சுக்கிட்டு கடை கடையா ஏறுவாங்களே, அந்த அக்கறையோட பண்ணியிருக்காங்க.

கேள்வி: கடைசியில தன் பொண்ணையே ஏன் அவன் பாக்கல? கல் நெஞ்சா அவனுக்கு? (கொண்டலாம்பட்டி)

1963 டிசம்பர் ராத்திரி, பனி கொட்டுது. கீ இப்ப ஒரு பெட்ரோல் பங்க் ஓனர், அவனும் ஜெனவீவும் சேந்து கனவு கண்ட அதே பங்க். மத்லேன் பையனைக் கூட்டிட்டு கடைக்குப் போனதும் ஒரு கருப்பு கார் வந்து நிக்குது, உள்ள ஜெனவீவ், பக்கத்துல பொண்ணு. ஆபீஸ் ரூமுக்குள்ள நாலே நாலு பேச்சு. அம்மா செத்துட்டாங்கன்னு சொல்றா. பொண்ணு பேரு ஃபிரான்ஸ்வாஸ். இவன் பையன் பேரு ஃபிரான்ஸ்வா. அந்தக் காலத்துல ரெண்டு பேருமா யோசிச்சு வெச்ச பேரை ஆளுக்கு ஒண்ணா வெச்சிருக்காங்க, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. உன்னை மாதிரியே இருக்கா, பாக்கறியான்னு கேக்கறா. நீ கெளம்பலாம்னு நெனைக்கறேங்கறான்.

கல் நெஞ்சு இல்லீங்க. அந்தக் கண்ணாடிக் கதவைத் தெறந்து ஒரு தடவை அந்தக் குழந்தை முகத்தைப் பாத்துட்டான்னா அப்புறம் மத்லேன் கிட்ட அவன் எந்த முகத்தோட திரும்பறது. போட்டோவா மட்டும் மாறிப்போன ஒரு முகத்துக்கு அவன் எவ்ளோ வெல குடுத்திருக்கான். அவ கதவுக்கிட்ட போயி திரும்பி, நீ நல்லா இருக்கியான்னு கேக்கறா, நல்லா இருக்கேன்னு சொல்றான், அதுல பொய் இல்லன்னு நான் நம்பறேன். கார் போயிடுது, மத்லேனும் பையனும் வர்றாங்க, அவன் பனியில பையனோட உருண்டு வெளையாடறான், கேமரா மெல்ல மேல போகுது.