ஊசி போட நரம்பு கிடைக்கவில்லையா? வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

நான் கிளிநொச்சிக்காரி. ஊரில் வாட்டில் தாதியாக இருந்துவிட்டு, இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். கனூலா (மருந்து ஏற்ற நரம்புக்குள் விடும் சின்ன பிளாஸ்டிக் குழாய்) போடக் கஷ்டமான நோயாளிகளையும் திடீரென மோசமாகிறவர்களையும் பார்க்கும் குழு எங்களுடையது. ஊரிலிருந்து கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

வவுனியாவில் பயிலும் மாணவி: அக்கா, கனூலாவை வாட்டு நேர்ஸ்மாரே போடுவார்கள்தானே? இதற்கென்று தனியாக ஆள் எதற்கு?

போடுவார்கள், போடவும் வேண்டும் தங்கச்சி. இரண்டு தரம் குத்தியும் கிடைக்காதபோதுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்து மேற்கையின் ஆழமான நாளத்தில் (ஊசி போடும் நரம்பு என்று நாம் சொல்வது இதைத்தான்) போடுவோம். பல வாரம் மருந்து ஏற்ற வேண்டியவருக்கு, முனை இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் பிக் லைன் என்ற நீளமான மெல்லிய குழாயைக் கை வழியாகப் போடுவோம். மற்றப் பாதி வேலை, அழைப்பு வந்த வாட்டுக்கு ஓடுவது. பிறஷர் விழுந்தவருக்கு நாளமும் சுருங்கிவிடும் என்பதால் இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருப்பது நல்லது.

நெடுங்கேணித் தம்பி: அப்பாவுக்குச் சிறுநீரக நோய். டயலைசிஸ் இன்னும் தொடங்கவில்லை. இரத்தம் எடுக்கும்போது இரண்டு கையிலும் மாறி மாறிக் குத்துகிறார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை தம்பி. டயலைசிஸ் தேவைப்பட்டால் கையில் ஒரு நாடியையும் (இதயத்திலிருந்து இரத்தம் வரும் குழாய்) நாளத்தையும் தைத்து இணைப்பார்கள். அதுதான் பிஸ்ரியுலா. அந்த நாளம் தடித்து, பெரிய ஊசியைத் தாங்கும் பக்குவத்துக்கு வர ஆறு வாரமாவது வேண்டும், பலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்கு முன்னமே குத்துப்பட்டுத் தழும்பேறி அடைத்துப் போயிருந்தால் சத்திரசிகிச்சை நிபுணர் எதை எடுத்து இணைப்பார்?

அப்பா வலக்கைக்காரர் என்றால் இடக்கையை இன்றைக்கே ஒதுக்கி வையுங்கள். இரத்தம் எடுப்பதென்றால் வலது புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். பிக் லைன் போட யாராவது யோசித்தால், சிறுநீரக டொக்டரிடம் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் "இடக்கையில் ஊசி வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள். எங்கள் அப்பாமார் வெள்ளை உடுப்பைக் கண்டால் பேசாமல் கையை நீட்டிவிடுவார்கள், ஆகவே நீங்கள் கூடப் போக வேண்டும். பிஸ்ரியுலா போட்ட பிறகு அந்தக் கையில் பிறஷரும் பார்க்கக் கூடாது. தினமும் விரலை வைத்துப் பாருங்கள், உள்ளே ஒரு அதிர்வு தெரியும். அது நின்றால் விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முல்லைத்தீவில் புதிதாகச் சேர்ந்த தாதி: இரத்தம் போகிறவருக்கு பிங்க் கனூலா போதுமா?

கனூலாவின் நிறம் அதன் பருமனைக் காட்டும், பிங்க் மெல்லியது. கிடைத்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். குழாயின் ஆரை பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும். பிரசவத்தில் இரத்தம் போகும் தாய்க்கும், ஏ9 வீதியில் அடிபட்டு வந்தவருக்கும் அதைவிடப் பருமனான பச்சையோ சாம்பலோ இரண்டு வேண்டும். ஒன்றுமே கிடைக்காவிட்டால், முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் போடும் ஊசி இருக்கிறது. அது பெரியவர்களுக்கும் சரிவரும்.

பெயர் வேண்டாம் என்ற தாதிய உத்தியோகத்தர்: இரவில் டொக்டரை எழுப்பத் தயக்கமாக இருக்கிறது. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்றால்?

ஒன்றுமில்லை என்றால் நோயாளிக்கு நல்லதுதானே. தயக்கத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு: மூச்சை எண்ணுங்கள், மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம். எண்ணாமலேயே எல்லாருக்கும் 18, 20 என்று எழுதும் பழக்கம் எந்த நாட்டிலும் இருக்கிறது, அதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். இதயம் நிற்பதற்குப் பல மணி நேரம் முன்னமே பலருக்கு மூச்சு வேகமாகிவிடும். இளம் ஆட்களுக்குப் பிறஷர் கடைசியில்தான் விழும். பிரித்தானியாவில் 2012 இல் வந்து 2017 இல் திருத்தப்பட்ட நியூஸ் (NEWS) என்ற, நோயாளி எவ்வளவு மோசம் என்று காட்டும் புள்ளி முறையில், மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அதற்கே 3 புள்ளி. மொத்தம் 5 வந்தால் அவசரம், 7 என்றால் எங்கள் குழு ஓட வேண்டும். "இவரைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது" என்பதும் கூப்பிடப் போதுமான காரணம்.

இப்படிச் சொல்லுங்கள்: "டொக்டர், நாலாம் கட்டில், எலிக்காய்ச்சல் சந்தேகம். பத்து மணிக்கு மூச்சு 20, இப்போது 28. சலம் போகவில்லை. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." அந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால், கேட்டுக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள்.

ஒட்டுசுட்டான் ஐயா: புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) கடித்தால் கட்டலாமா?

கட்ட வேண்டாம் ஐயா, கீறவும் வேண்டாம். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். சும்மா மினக்கெடுத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். புடையன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது, குத்திய இடமெல்லாம் கசியும். ஆகவே முதல் கனூலாவைக் கைதேர்ந்தவர், கடிபடாத பக்கத்தில் போடுவது நல்லது.

மீண்டும் வவுனியா மாணவி: ஸ்கான் பார்த்துப் போடுவதை ஊரிலிருந்தே பழகலாமா?

பழகலாம். ஐ.சி.யு. டொக்டர்மாரிடம் கேட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் கோழி நெஞ்சு இறைச்சிக்குள் தண்ணீர் நிரப்பிய மெல்லிய ரப்பர் குழாயைச் செருகிப் பழகுங்கள். திரையில் ஊசிமுனை வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புரோப்பை (தோலில் வைக்கும் ஸ்கான் கருவி) கொஞ்சம் முன்னே நகர்த்தினால் புள்ளி மறையும், பிறகு அது திரும்பத் தெரியும்வரை ஊசியை மெதுவாகத் தள்ளுங்கள். இப்படியே மாறி மாறிப் போக வேண்டும், முனையைக் காணாமல் தள்ளவே கூடாது. ஆழமான நாளத்தில் வழக்கமான குட்டைக் கனூலாவைப் போட்டால், கை அசையும்போது வெளியே வந்துவிடும். நீளமானது இருக்கிறதா என்று ஸ்ரோரில் முதலே கேட்டு வையுங்கள்.