பழைய வீட்டில் டைல்ஸ் மாற்றுகிறோம்: மேஸ்திரி ஓர் அளவு சொல்கிறார், கடைக்காரர் வேறு சொல்கிறார். உண்மையில் எத்தனை பெட்டி வாங்க வேண்டும்?

நீங்கள் கொடுத்த அளவுகள்: படுக்கையறை 10 அடிக்கு 11 அடி, தரைக்கு 2க்கு 2 விட்ரிஃபைடு டைல். குளியலறை 5 அடிக்கு 7 அடி, சுவரில் 7 அடி உயரத்துக்கு 12க்கு 18 அங்குல டைல். இரண்டையும் கணக்குப் போட்டே காட்டுகிறேன். டைல்ஸ் கடையில் பில் போடும் வேலையில் இருந்தவன் என்பதால், இந்தக் கேள்வியோடு வந்த பலரைப் பார்த்திருக்கிறேன். வேலை முடியும் நேரத்தில், ‘அதே நிறத்தில் ஐந்தே ஐந்து டைல் மட்டும்’ என்று கையில் உடைந்த துண்டோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மேஸ்திரியும் கடைக்காரரும் வேறு வேறு எண் சொல்வதற்குக் காரணம், இருவரும் சதுர அடியில் குத்துமதிப்பாகப் பேசுவதுதான். நீளத்தை அகலத்தால் பெருக்கி, 10 சதவீதம் சேதாரம் என்று ஒன்றைக் கூட்டி, பெட்டியால் வகுப்பார்கள். வீடு முழுவதற்கும் சேர்த்துப் போட்டால் இந்தக் கணக்கு ஓரளவுக்குச் சரியாக வரும். உங்களைப் போல ஓர் அறை, ஒரு குளியலறை என்று வேலை செய்பவர்களுக்கு இது போதாது. ஒரு தாளில் அறையை வரைந்து டைலை எண்ணுங்கள். அரை மணி நேர வேலைதான்.

முதலில் டைலின் உண்மையான அளவு. 2க்கு 2 என்று நாம் சொல்லும் டைல் 600 மி.மீ. சதுரம். இரண்டு அடி என்பது ஏறக்குறைய 610 மி.மீ. ஆகவே ஒரு டைல் 4 சதுர அடி அல்ல, சுமார் 3.87 சதுர அடி. நான்கு டைல் கொண்ட பெட்டி 15.5 சதுர அடி. பேச்சுவாக்கில் இதையே 16 என்று சொல்லிவிடுவார்கள். ஆயிரம் சதுர அடி வீட்டில் இந்த அரை அடி இரண்டு பெட்டியை விழுங்கிவிடும். பெட்டியின் பக்கவாட்டில் எத்தனை டைல், எத்தனை சதுர மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படியுங்கள், வாய்க்கணக்கை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் படுக்கையறை. 110 சதுர அடியை 15.5ஆல் வகுத்தால் 7.1 பெட்டி. 10 சதவீதம் கூட்டினால் 7.8, அதாவது 8 பெட்டி, 32 டைல். உங்கள் கடைக்காரர் சொன்னதும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது தாளில் வரைந்து பாருங்கள். 10 அடிப் பக்கம் 3,048 மி.மீ. இடையில் 2 மி.மீ. ஸ்பேசர் (டைலுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு) வைத்து ஐந்து முழு டைல் போட்டால் 3,010 வரை வந்து, ஒன்றரை அங்குலம் மிச்சம் நிற்கும். அந்த இடத்தில் ஒரு சில்லை வெட்டி ஒட்டலாம். எண்ணிக்கையில் அதுதான் சிக்கனம். ஆனால் பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்காது. ஒரு முனையில் ஓர் அங்குலமாகவும் மறுமுனையில் இரண்டு அங்குலமாகவும் அந்தச் சில்லு கோணிக்கொண்டு போகும். சுவர் வளைந்திருப்பதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். நல்ல மேஸ்திரி இதைச் செய்ய மாட்டார். நடுவில் நான்கு முழு டைல் வைத்து, இரு ஓரத்திலும் ஓர் அடிக்குச் சற்று அதிகமான துண்டுகளாக வெட்டிப் போடுவார். அந்தத் துண்டு பாதி டைலுக்கு மேல் என்பதால் ஒரு டைலில் ஒன்றுதான் கிடைக்கும். ஆக ஒரு வரிசைக்கு 6 டைல். 11 அடிப் பக்கத்தில் ஐந்து முழு டைலும் பதின்மூன்றரை அங்குலத் துண்டும், அங்கேயும் 6. மொத்தம் 36 டைல், 9 பெட்டி.

கடைக்காரரின் 8 பெட்டிக்கும் இதற்கும் நான்கு டைல் வித்தியாசம். அவர் கணக்கில் ஸ்கர்ட்டிங்கும் இல்லை. சுவர் ஓரமாக நான்கு அங்குல உயரத்துக்கு ஓட்டும் அந்தப் பட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அறையின் சுற்றளவு 42 அடி, கதவுக்கு 3 அடி போனால் 39 அடி. இதற்குத் தனியாக டைல் வாங்க வேண்டுமா? வேண்டாம். இரு ஓரத்திலும் வெட்டிய 12 டைல்களில் மிஞ்சும் துண்டுகள் ஒவ்வொன்றும் 11 அங்குல அகலம் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு அங்குலப் பட்டி இரண்டு எடுக்கலாம். 24 பட்டி, ஏறக்குறைய 47 அடி. அறை முழுவதும் ஓட்டி மிச்சமும் இருக்கும். வெட்டு மிச்சத்தை மூலையில் போட்டு உடைக்காமல், ஸ்கர்ட்டிங்குக்கு எடுத்து வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாததால் மட்டுமே ஒன்றிரண்டு பெட்டி கூடுதலாக வாங்கியவர்கள் உண்டு.

ஆக 9 பெட்டி, கைவசம் வைத்துக்கொள்ள 1. மொத்தம் 10. அளக்கும்போது பழைய ஸ்கர்ட்டிங்கைப் பெயர்த்த பிறகு அளக்கவும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று இடங்களில் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் அலமாரியின் தரை, கதவு நிலைக்கு இடைப்பட்ட பகுதி ஆகியவற்றை மறக்க வேண்டாம். நிலைக்குக் கீழே கிரானைட் பட்டி போடுவதாக இருந்தால் அதைக் கழித்துவிடலாம்.

குளியலறைக்கு வருவோம். இங்கேதான் மொத்தக் கணக்கு சரியாக வந்தும் சரக்கு போதாமல் போகும். காரணம், சுவர் டைல் ஒரே நிறமல்ல. கீழே டார்க், நடுவில் டிசைன் போட்ட ஹைலைட்டர், மேலே லைட் என்று மூன்று ரகம் எடுப்பீர்கள். சதுர அடிக் கணக்குக்கு இது தெரியாது. வரிசை வரிசையாகத்தான் எண்ண வேண்டும்.

12க்கு 18 டைல் 300க்கு 450 மி.மீ. படுக்கைவாட்டில் வைத்தால் ஒரு வரிசை உயரம் 300. ஏழு அடி என்பது 2,134 மி.மீ. ஏழு வரிசை போட்டால் இடைவெளியும் சேர்த்து ஏழு அடிக்கு ஓர் அங்குலம் குறையாக நிற்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஓர் அங்குலத்துக்காக எட்டாவது வரிசைக்கு டைல் வெட்டுவது வீண்.

ஒரு வரிசைக்கு: 7 அடிச் சுவருக்கு 5 டைல், இரண்டு சுவருக்கு 10. முழு 5 அடிச் சுவருக்கு மூன்றும் ஒரு சிறு துண்டும், அதை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவுள்ள சுவரில் இரண்டரை அடிக் கதவு போக மீதிக்கு 2. மொத்தம் 16. டார்க் மூன்று வரிசை என்றால் 48 டைல், பெட்டிக்கு 6 வீதம் சரியாக 8 பெட்டி. ஹைலைட்டர் ஒரு வரிசை 16, 3 பெட்டி. லைட் மூன்று வரிசை 8 பெட்டி. ஆக 19. சதுர அடிக் கணக்கிலும் 10 சதவீதம் சேர்த்தால் இதே 19தான் வரும். ஆனால் டார்க்கிலும் லைட்டிலும் ஒரு டைல்கூட உபரியில்லை என்பது அதில் தெரியாது. குழாய்க்குத் துளை போடும்போது ஒன்று விரிசல் விட்டால் அதோடு வேலை நிற்கும். அந்த இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி கூட்டி 21 வாங்குங்கள். வெண்டிலேட்டர் ஏழு அடிக்கு மேலேதான் இருக்கும் என்பதால் அதற்குக் கழிக்க ஒன்றுமில்லை.

தரைக்கு வழுக்காத 1 அடி டைல் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுவும் 300 மி.மீ.தான். 5 அடியில் ஐந்து டைல் வைத்தால் சில்லு மிஞ்சுமே என்று தோன்றும். மிஞ்சாது. சுவர் டைலும் அதன் பின்னால் உள்ள கலவையும் பக்கத்துக்கு ஓர் அங்குலமாவது எடுத்துக்கொள்ளும். எனவே 5 வரிசையில் 7 வீதம் 35 டைலில் தரை அடங்கும். தண்ணீர் வடியும் ஜாலியை நோக்கிச் சரிவு கொடுத்து வெட்டும்போது சில உடையலாம். 40 இருந்தால் நிம்மதி. பெட்டிக்கு எத்தனை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மூலைவிட்டமாகப் போட ஆசைப்பட்டால் 15 சதவீதம் வரை சேதாரம் போகும். 4க்கு 2 டைலைச் சிறிய அறைக்கு எடுப்பதும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஒன்று உடைந்தால் ஏறக்குறைய எட்டு சதுர அடி போய்விடுகிறது.

கடையில் கவனிக்க வேண்டியது பேட்ச் எண்ணும் ஷேடும். ஒரே பெயர், ஒரே டிசைன் ஆனாலும் வேறு நாளில் சூளையில் சுட்டது நிறத்தில் மெல்லிய வித்தியாசம் காட்டும். சில சமயம் அளவிலும் ஒரு மி.மீ. மாறும். நம் ஊருக்கு வரும் டைலில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வருகிறது. அடுத்த லோடில் அதே பேட்ச் வரும் என்று எந்தக் கடைக்காரரும் உறுதி சொல்ல முடியாது. டிசைனே நின்றுபோவதும் சாதாரணம். அதனால்தான் கைவசம் ஒரு பெட்டி வைக்கச் சொன்னேன். பின்னால் குழாய் கசிந்து தரையைத் தோண்ட நேர்ந்தால் அதன் அருமை தெரியும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுங்கள். இறக்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். மூலை நசுங்கிய பெட்டியை அங்கேயே திறந்து பாருங்கள்.

பெட்டி திருப்பி எடுப்பார்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பிரிக்காத முழுப் பெட்டியைப் பல கடைகள் எடுத்துக்கொள்ளும். அதற்கும் நாள் வரம்பு இருக்கும், வண்டி வாடகை உங்களுடையது. ஹைலைட்டரைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். ஒப்புக்கொண்டால் அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பேட்ச் எண்ணையும் அதே பில்லில் குறிக்கச் சொல்லுங்கள்.