கிளிப் போடுமுன் நாக்குக்குப் பயிற்சி ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. எப்போதும் வாயைத் திறந்தபடியே இருக்கிறாள். மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. கிளிப் போடுமுன் நாக்குப் பயிற்சி தேவை என்கிறார் பல் மருத்துவர். அதில் என்ன செய்வார்கள்? குறட்டை விடும் என் கணவருக்கும் உதவுமா?

பதில்: 'அவன்' என்று சொல்லி, கடைசி 'ன்'னிலேயே நிறுத்திப் பாருங்கள். நாக்கு நுனி மேல்பற்களுக்குப் பின்னுள்ள மேட்டில் ஒட்டியிருக்கும். சும்மா இருக்கும்போதும் அது தங்க வேண்டிய இடம் அதுதான்; உதடு மூடியிருக்க, மூச்சு மூக்கு வழியே போக வேண்டும். உங்கள் மகளின் நாக்கு அநேகமாகக் கீழே கிடந்து, விழுங்கும்போதெல்லாம் பல் இடைவெளிக்குள் நுழைகிறது. கைக்குழந்தைகள் அப்படித்தான் விழுங்குவார்கள்; வளர வளர மாற வேண்டும். மாறாவிட்டால், கிளிப்பைக் கழற்றிய பிறகு இடைவெளி திரும்பவும் விழக்கூடும்.

பயிற்சிக்கும் முன்னால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அடினாய்டு (மூக்கின் பின்புறத் தசைத்திரள்) வீங்கியோ ஒவ்வாமையாலோ மூக்கடைத்த பிள்ளையிடம் வாயை மூடச் சொல்வது அநியாயம்.

முதல் நாள் பேச்சுப் பயிற்சியாளர் அவளுக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுப்பார். உதட்டை லேசாக விலக்கி, விழுங்கும்போது நாக்கு எட்டிப் பார்க்கிறதா, முகவாய் சுருங்குகிறதா என்று கவனிப்பார். பிறகு பயிற்சிகள். நாக்கை அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டி 'டொக்' என்று விடுவிப்பது ஒன்று. நூல் கட்டிய பெரிய பொத்தானை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்து, நூலை இழுத்தாலும் விடாமல் பிடிப்பது இன்னொன்று (பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்). தினமும் இரண்டு மூன்று முறை, சில நிமிடங்கள் போதும், வலிக்காது.

முதல் மாதம் விளையாட்டாக ஓடிவிடும். சிரமம் அதன் பிறகுதான். பயிற்சியில் ஒழுங்காக விழுங்குகிறவள், தொலைக்காட்சி முன் உட்கார்ந்ததும் வாயைத் திறந்துகொள்வாள். தூக்கத்திலும் பழக்கம் படிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். அதட்டாதீர்கள். படிக்கும் மேசையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் நாக்கை மேலே வைக்கப் பழகுவாள்.

உங்கள் கணவருக்கு முதலில் தூக்கப் பரிசோதனை. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இப்பயிற்சியால் பெரியவர்களின் தூக்க மூச்சுத்தடை (தூங்கும்போது மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது; குறட்டை அதன் அறிகுறியாக இருக்கலாம்) சராசரியாக ஏறத்தாழ பாதி குறைந்தது. ஆனால் அதில் சேர்ந்த ஆய்வுகள் சிறியவை. மீதிப் பாதியும் ஆபத்தாக இருக்கலாம் என்பதால், மருத்துவர் சிபாப் கருவி (தூக்கத்தில் முகமூடி வழியே காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பது) தந்தால் அதை நிறுத்தக் கூடாது. தாடை எடுப்பாகும் என்று ஆசை காட்டும் காணொளிகளை அவர் நம்ப வேண்டாம். அந்த வயதில் எலும்பு வளர்ந்து முடிந்திருக்கும்.

இருவரும் சேர்ந்தே செய்யட்டும். நான் பார்த்தவரை, இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் பெரியவர்கள்தான்.