மதரஸாக்களுக்கு ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம் வருடா வருடம் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய ஏழைகள் பங்கு), நன்கொடை கொடுப்பது சரிதானா? அதே பணத்தைக் காலேஜில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் நல்லதில்லையா?

கேள்வி கேட்டவர் மாதச் சம்பளக்காரர் என்று நினைக்கிறேன். ரமலான் பிறை பார்த்த மறுநாளே ரசீதுப் புத்தகத்தோடு ஆட்கள் வர ஆரம்பிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு வந்து விழுகிறது. அதே வாரம் சொந்தத்தில் ஒரு பெண்பிள்ளை இரண்டாம் வருட நர்சிங் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நிற்கிறது. கையில் இருப்பது ஒரே ஒரு தொகை. இதுதானே உங்கள் கஷ்டம்? அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், நான் இதை வைத்துத்தான் எழுதப்போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வேண்டுமென்றால் உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம், அதாவது உங்கள் பகுதிப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுப்பவரிடம், போங்கள். நான் குர்ஆனை மனப்பாடம் செய்யும் ஹிஃப்ளு வகுப்பில் நாலு வருடம் உட்கார்ந்து, முப்பது ஜுஸ்உவில் (பாகத்தில்) பதினொன்று மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு ஓடிவந்தவன். வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது போடியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. அந்த நாலு வருடமும் நான் தின்றது உங்களைப் போன்றவர்கள் கொடுத்த ஜகாத் சோறு.

1985-ல் அத்தா (அப்பா) மௌத்தானார் (இறந்துபோனார்). போடியிலிருந்து மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டியவர். மஞ்சக்காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்து, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நாள் பிந்திவிட்டது. அம்மா ஏலக்காய் கடையில் காய் பிரிக்கும் வேலைக்குப் போனார். பெரிசு, சிறிசு, வெடித்தது, வெளுத்தது என்று நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பிரிக்க வேண்டும். கூலி பத்து ரூபாய். நாங்கள் மூன்று பிள்ளைகள். வீடு முழுக்க ஏலக்காய் வாசம் இருக்கும், அடுப்பில் ஒன்றும் இருக்காது.

நன்னாதான் (தாத்தா) சொன்னார்: "பெரியவன மதரஸால விட்ருவோம். ஓதுன மாதிரியும் ஆச்சு, வயித்துக்கும் ஆச்சு." எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது.

எந்த ஊர், எந்த மதரஸா என்று சொல்லமாட்டேன். வேறு மாவட்டம், அவ்வளவுதான். காலையில் கஞ்சி, மதியம் சாம்பார், இரவும் அதே சாம்பார் கொஞ்சம் தண்ணியாக. கறி என்பது குர்பானி (பக்ரீத்) நாளிலும், ஊரில் யாராவது மௌத்தாகி அவர்களுக்காக வீட்டில் ஓதும் பாத்திஹாவுக்குக் கூப்பிடும்போதும்தான். பெரிய வீட்டு நன்னா ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டால் எங்கள் அறையில் ஒரு சின்ன சந்தோஷம் ஓடும். அல்லாஹ் மன்னிக்கட்டும். வளர்கிற வயது, பசி அப்படி.

இப்போது கொஞ்சம் சட்டம். ஜகாத் யாருக்குச் சேரும் என்று குர்ஆனில் 9-வது அத்தியாயம் 60-வது வசனம் எட்டு வகை சொல்கிறது. ஏழைகள், கடனாளிகள், வழிப்போக்கர் என்று போகும் அந்தப் பட்டியல். மதரஸாக் கட்டடம் அதில் இல்லை. அதோடு நாங்கள் ஹனஃபிகள். ஹனஃபி மத்ஹபில், அதாவது நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டமுறையில், தம்லீக் என்று ஒன்று உண்டு. பணமோ பொருளோ ஓர் ஏழையின் கைக்குப் போய் அவனுடைய சொந்தமாக வேண்டும், அப்போதுதான் ஜகாத் நிறைவேறும். ஆகவே அந்தப் பணத்தில் சுவர் எழுப்ப முடியாது, கரண்ட் பில் கட்ட முடியாது, ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்துக்குச் சம்பளமும் கொடுக்க முடியாது. சம்பளம் என்பது வேலைக்குக் கூலி, தானம் இல்லை. பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டால்கூடப் போதாது, சோற்றை அவன் கையில் கொடுத்து அவனுடையதாக்க வேண்டும் என்று கிதாபில் (மார்க்கச் சட்ட நூலில்) இருக்கிறது.

இதில்தான் சிக்கல். நம் ஜனங்கள் ரமலானில் எழுதிக்கொடுப்பது முக்கால்வாசி ஜகாத். வருடம் முழுக்க ஹஜ்ரத்மாருக்குச் சம்பளம் வேண்டும். ஒரு பெட்டி நிறைந்திருக்கும், இன்னொரு பெட்டி காலி. நிறைந்த பெட்டியிலிருந்து காலிப் பெட்டிக்குப் பணம் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஹீலா. ஏழை மாணவன் ஒருவனைக் கூப்பிட்டுப் பணத்தை அவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவன் தன் விருப்பத்தில் மதரஸாவுக்கு நன்கொடையாகத் திருப்பிக் கொடுப்பான். அதற்கப்புறம் அது ஜகாத் இல்லை, சாதாரணப் பணம். சின்னப் பையன் தானம் கொடுத்தால் செல்லாது என்பதால் பருவம் வந்த பையன் வேண்டும். வீட்டில் ஒன்றும் இல்லாதவனாகவும் இருக்க வேண்டும்.

1989-ல் அந்தப் பையன் நான். பதினைந்து வயது, மீசை அரும்பியிருந்தது.

ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் மதரஸா திறந்த முதல் வாரம் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய ஹஜ்ரத், பொருளாளர், கமிட்டிக்காரர் இன்னொருவர். பொருளாளர் மஞ்சள் பைக்குள்ளிருந்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். "ஏழாயிரத்து இருநூறு. ஜகாத் பணம். உனக்குக் கொடுத்தாச்சு, இது உன்னுது. நீயாப் பிரியப்பட்டு மதரஸாவுக்குக் கொடுத்துர்றியா?"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "கொடுக்கலேன்னா?" என்று கேட்டுவிட்டேன்.

பொருளாளர் சிரித்தார். ஹஜ்ரத் சிரிக்கவில்லை. "கொடுக்கலேன்னா உனக்குத்தான் தம்பி. யாரும் உங்கிட்ட திருப்பிக் கேக்க முடியாது. அப்படி இல்லேன்னா இந்த ஜகாத்தே நிறைவேறாது" என்றார். பொருளாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கணக்கில் புலி இல்லை, ஆனால் அந்தக் கணக்கு தானாக ஓடியது. அம்மாவுக்கு 720 நாள் கூலி. லீவே போடாமல் உட்கார்ந்தாலும் இரண்டு வருடம். ஒரு அரை நிமிடம் வைத்திருந்திருப்பேன். கொடுத்துவிட்டேன். ஈமானால் (இறைநம்பிக்கையால்) கொடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். பயம். அந்தப் பணத்தோடு வெளியே வந்தால் ராத்திரி எங்கே படுப்பது?

அன்று அஸர் (மாலைத்) தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத்மார் நாலு பேரும், சமையல்காரரும், வாட்ச்மேனும் வரிசையாகப் போய்ச் சம்பள நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று மாதப் பாக்கி. எனக்கு ஓதிக்கொடுத்தவர் 400 ரூபாய் சம்பளக்காரர். மறுநாள் புதுச் செருப்போடு வந்தார். அது நான் வாங்கிக்கொடுத்த செருப்பு என்று எனக்குள் ஒரு திமிர். அந்த வருடம் முழுக்க அவர் பிரம்பைத் தூக்கினால் நான் செருப்பைப் பார்த்துக்கொள்வேன்.

இதை எழுதியதும் இரண்டு பக்கமும் அடி விழும் என்று தெரியும். "மதரஸாவைக் கேவலப்படுத்துகிறான்" என்பவர்களுக்கு: ஹீலாவை நான் ஹராம் என்று சொல்லவில்லை. அதை அனுமதிக்கும் ஆலிம்கள் இருக்கிறார்கள், கண்டிக்கும் ஆலிம்களும் இருக்கிறார்கள், நான் நடுவில் வர ஆளில்லை. "இந்தக் காலத்தில் மதக் கல்வி எதற்கு" என்பவர்களுக்கு: உங்கள் பிள்ளைக்கு வேண்டாமென்றால் வேண்டாம். முஸ்லிம்களின் நிலையை ஆராய அரசு அமைத்த சச்சார் குழு 2006-ல் கணக்குப் பார்த்தபோதே பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பது நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். மொத்தச் சமுதாயமும் அங்கேதான் கிடக்கிறது என்று பேசுவதை நிறுத்துங்கள். தொழவைக்க, ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை) நடத்த, நிக்காஹ் ஓத எல்லா ஊருக்கும் ஆள் வேண்டும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்று அரசியல் சாசனம் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அது நியாயம்தான். அப்படியானால் செலவு யாருடையது? ஊருடையது. உத்தரப் பிரதேசத்தில் தேவ்பந்த் மதரஸா 1866-ல் ஆரம்பித்தது; அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான மௌலானா காசிம் நானூத்தவி எழுதிவைத்த எட்டு விதிகளிலேயே இது இருக்கிறது. சர்க்காரும் பணக்காரர்களும் பங்குக்கு வருவது கெடுதல், பேர் வேண்டாதவர்களின் சந்தாவில்தான் பரக்கத் (இறையருள்) என்று. அவர் சந்தா என்று சொன்னது பெரும்பாலும் சாதாரண ஜனங்கள் மனதாரக் கொடுக்கும் காசை. நாம் என்ன செய்கிறோம்? கட்டாயக் கடமையான இரண்டரை சதவீதத்தை அங்கே தள்ளிவிட்டு, அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை.

என் வருத்தம் இதுதான். கடை எடுத்து நிமிர்ந்தபிறகு வருடா வருடம் என் ஜகாத்தில் ஒரு பங்கு அதே மதரஸாவுக்கு அனுப்பினேன். 2014-ல் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். புதுக் கட்டடம், வாசலில் கிரானைட், கொடுத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டு. பின்னால் போய்ப் பார்த்தால் அறுபது பிள்ளைகளுக்கு நாலே கக்கூஸ், அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. மேடைக்குக் கீழே நின்று, ஹஜ்ரத்மாருக்கு இப்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கமிட்டியில் ஒருவர் மைக்கை மூடக்கூட இல்லை: "இங்க ஓசிச் சோறு தின்னவன்லாம் கணக்கு கேக்க வந்துட்டான்."

என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் மூன்று வருடம் எந்த மதரஸாவுக்கும் நான் காசு கொடுக்கவில்லை. கடைக்கு ரசீதுப் புத்தகத்தோடு யார் வந்தாலும் முதலாளி இல்லை என்று சொல்லச் சொல்லிவிடுவேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே.

2017-ல் சரக்கு எடுக்க மதுரைக்குப் போனபோது ஒரு பள்ளிவாசல் வெளியே அத்தர், தொப்பி, மிஸ்வாக் (பல் துலக்கும் குச்சி) விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். செருப்பு ஹஜ்ரத். முப்பத்தோரு வருடம் ஓதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. பள்ளிவாசல், மதரஸா சொத்துகளைக் கவனிக்கும் வக்ஃபு வாரியத்தில் உலமாக்களுக்கு (ஆலிம்களுக்கு) பென்ஷன் இருக்கிறதே என்றேன். அதற்குச் சர்வீஸ் சான்றிதழ் வேண்டும், கமிட்டியில் எழுதித் தரமாட்டேன் என்கிறார்கள் என்றார். இருபது ரூபாய் அத்தர் பாட்டிலை என் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். "நீ அன்னைக்கே கொடுத்துட்டீல்ல" என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது.

இதை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் ஜகாத்தை முதலில் அந்த நர்சிங் பிள்ளைக்குக் கொடுங்கள். தாய் தகப்பன், தாத்தா பாட்டி, பெற்ற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கணவன் மனைவிக்குள்தான் ஜகாத் கூடாது. மற்றபடி ஏழைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதில் ஜகாத்தின் நன்மையும் உண்டு, உறவைச் சேர்த்த நன்மையும் உண்டு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு லட்சத்துக்கு 2,500 ரூபாய். அதை வைத்துக்கொண்டு நூறு பேருக்கு நூறு நூறாகப் பிய்த்துக் கொடுக்காமல் ஒரு ஆள் நிமிர்கிற மாதிரி கொடுங்கள்.

மதரஸாவுக்கு ஜகாத்தைத் தவிர்த்த காசைக் கொடுங்கள். மாதம் ஐநூறோ ஆயிரமோ, "ஹஜ்ரத் சம்பளத்துக்கு" என்று ரசீதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு மதரஸா பாருங்கள். நேரில் போய்ச் சமையல்கட்டையும் கக்கூஸையும் பாருங்கள், வாசலைப் பார்க்காதீர்கள். பையன்கள் பத்தாம் வகுப்பு எழுதுகிறார்களா என்று கேளுங்கள். இப்போது பல இடங்களில் ஓதிக்கொண்டே எழுதவைக்கிறார்கள், மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் அஃப்சலுல் உலமா என்ற அரபிப் படிப்பு வரை போகிறவர்களும் உண்டு. எங்கள் மதரஸாவில் அப்போது அந்த ஏற்பாடு இல்லை. நான் வெளியே வந்து, வயரிங் வேலை பார்த்துக்கொண்டே பிரைவேட்டாகப் பத்தாவது பாஸ் பண்ண மூன்று தடவை ஆனது. சோறு போட்டதற்கு நன்றி எவ்வளவு உண்டோ, அந்த மூன்று தடவைக்குக் கோபமும் அவ்வளவு உண்டு.

கட்டட நிதி என்று வந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். ஊருக்கு ஊர் மினாராவில் போட்டி. போன வருடம் கட்டியது பக்கத்து ஊரைவிட ஆறடி குட்டை என்று இந்த வருடம் மறுபடி வசூல். அதே ஜமாஅத்தின் வக்ஃபுக் கடைகளில் 1980-களில் பேசிய வாடகையை இன்னும் கொடுத்துக்கொண்டு, உள்வாடகைக்குப் பத்து மடங்கு வாங்கும் ஆட்கள் தொழுகையில் முதல் ஸஃப்பில் (வரிசையில்) நிற்கிறார்கள். அந்த வாடகையை ஒழுங்காக வசூலித்தாலே பாதி மதரஸா ரசீதுப் புத்தகம் அச்சடிக்க வேண்டாம். பஜாரில் என் கடைக்கு நான் மாதம் பதினான்காயிரம் அழுகிறேன், அவர்கள் முந்நூறு. சரி, இதை ஆரம்பித்தால் முடியாது.

பின்சேர்ப்பு: கமென்ட்டில் ஒருவர் கேட்கிறார், "அன்றைக்கு நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால்?" என்று. அம்மாவிடம் பல வருடம் கழித்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஒரு நூறாச்சும் எடுத்துருக்கலாம்ல, உன்னுதுதான்னு சொன்னாங்கள்ல" என்றார்.